தூத்துக்குடி மீனைக் கெடாமல் பெங்களூரு கொண்டுபோக எவ்வளவு ஐஸ் வேண்டும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியிலிருந்து இரவுப் பேருந்தில் பெங்களூரு திரும்பும்போது 4 கிலோ சீலாவும் (வஞ்சிரம்) 1 கிலோ இறாலும் கொண்டுபோகிறீர்கள். வீட்டுக்கு வீடு 15 மணி நேரம். போன தடவை ஒரு அங்குலத் தெர்மாகோல் பெட்டியின் அடியில் 2 கிலோ ஐஸைப் போட்டு அதன்மேல் மீனை வைத்தீர்கள். காலையில் திறந்தால் ஐஸ் எல்லாம் தண்ணீர், சதை நெகிழ்ந்து லேசாக வாடை. அதனால் விலை கூடிய ஐஸ் பெட்டி வாங்கலாமா, ஜெல் பேக் போதுமா, உலர் ஐஸ் தேட வேண்டுமா என்கிறீர்கள். கூடவே, அன்று வந்த மீனில் பாதி இன்னும் ஃப்ரீசரில் இருக்கிறது, சமைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பெட்டி என்று கேட்டாலும் உங்களுக்குத் தேவைப்படும் பதில் எத்தனை கிலோ ஐஸ், அதை எங்கே வைப்பது என்பதுதான். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பதனிடுதல் படித்துவிட்டு, ஏற்றுமதிக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரிய அளவில் செய்வதையே வீட்டு அளவுக்குக் குறைத்தால் போதும்.

பெட்டி எதையும் குளிர வைக்காது. வெளிச்சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். குளிர வைப்பது ஐஸ். 1 கிலோ ஐஸ் உருகித் தண்ணீராவதற்கு 80 கிலோ கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்தத் தண்ணீர் பிறகு ஒரு டிகிரி சூடேற உறிஞ்சுவது 1 கிலோ கலோரிதான். அதாவது வேலை முழுவதும் உருகும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. மீனின் கணக்கு என்னவென்றால், 1 கிலோ மீனை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 0.85 கிலோ கலோரியை எடுக்க வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் மீனை பூஜ்யத்துக்குக் கொண்டுவர கிலோவுக்குச் சுமார் 25. ஆக, மூன்று கிலோ மீனைக் குளிர்விக்கவே ஒரு கிலோ ஐஸ் செலவாகிவிடும். உங்கள் 5 கிலோவுக்கு 1.6 கிலோ. பயணம் இன்னும் தொடங்கவே இல்லை.

அடுத்தது பெட்டிச் சுவர் வழியாக வரும் வெப்பம். உள்ளளவு 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 25 உயரம் உள்ள தெர்மாகோல் பெட்டி, சுவர் ஒரு அங்குலம், வெளியே 30 டிகிரி, உள்ளே பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், மணிக்குக் கால் கிலோ ஐஸ் உருகும். 15 மணி நேரத்துக்கு 3¾ கிலோ. மீனுக்கான 1.6 கிலோவையும் சேர்த்தால் 5 கிலோவைத் தாண்டுகிறது. நீங்கள் வைத்தது 2 கிலோ. பேருந்து மதுரையைத் தாண்டுவதற்குள் அது முடிந்திருக்கும். மீதி ராத்திரி முழுக்க மீன் மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டே வந்திருக்கிறது. விலை கூடிய பெட்டி வாங்கியிருந்தாலும் 2 கிலோ ஐஸ் போதுமா என்பது சந்தேகம்தான். மீனைக் குளிர்விக்கச் செலவாகும் 1.6 கிலோவை எந்தப் பெட்டியும் குறைத்துத் தராது.

சுவர் இரண்டு அங்குலம் என்றால் அந்த 3¾ கிலோ ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆகவே பெட்டி வாங்கும்போது பிராண்டைப் பார்க்காதீர்கள், சுவரின் பருமனையும் மூடி உட்காரும் அழகையும் பாருங்கள். கடையில் அடுக்கிவைத்திருக்கும் பளபளப்பான பிளாஸ்டிக் பெட்டிகள் சிலவற்றில் சுவருக்குள் நுரை நிரப்பியிருப்பார்கள், மூடிக்குள் வெறும் காற்றுதான் இருக்கும். மூடியை விரலால் தட்டினால் டொக்கென்று வெற்றொலி கேட்கும். அதைவிட மீன் கம்பெனிகளுக்கு வரும் கனமான தெர்மாகோல் பெட்டி மேல். மூடியும் பெட்டியும் சேரும் இடத்தைச் சுற்றி பிரவுன் டேப்பை இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். அந்த இடுக்கு வழியாக வரும் சூட்டை மேலே சொன்ன கணக்கில் நான் சேர்க்கவில்லை.

பெரிய பெட்டியில் ஐஸ் நிறைய இருந்தால் கிலோவுக்கு ஆகும் சேதம் குறைவு. எடை கூடும் வேகத்தில் வெளிப்பரப்பு கூடுவதில்லை என்பதுதான் காரணம். சென்னை திருவல்லிக்கேணியில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் 1842-இல் கட்டப்பட்டது, அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த இயற்கை ஐஸை வைக்க. அதற்கு முன்பே, 1833-இல், கல்கத்தாவுக்கு அப்படி முதல் சரக்கு போனது. பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்து, நான்கு மாதம் கடலில் கிடந்தும், ஏற்றியதில் பாதிக்கு மேல் கட்டியாகவே வந்து சேர்ந்தது. எந்திரம் எதுவும் கிடையாது, மரத்தூளும் சரக்கின் பருமனும்தான். ஆகவே உங்கள் ஊர்க்காரர் யாராவது அதே பேருந்தில் மீன் கொண்டுவந்தால் இரண்டு சின்னப் பெட்டிக்குப் பதில் ஒரே பெட்டியாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

இனி, உங்களுக்கு அதிகம் உதவப்போகும் விஷயம். மீனைக் குளிர்விக்கும் ஐஸையும் வழிக்கு வேண்டிய ஐஸையும் பிரித்துவிடுங்கள். முதல் வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டால் அந்த 1.6 கிலோவைச் சுமக்க வேண்டாம். மீனைச் செவுளும் குடலும் எடுத்து, துண்டு போட்டு, ரத்தம் போக ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசி, அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கவரில் போட்டு, உள்ளங்கைப் பருமனுக்குத் தட்டையாக்கிக் கட்டுங்கள். ஒரு பெரிய அண்டாவில் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் சம அளவில் கலந்து, கவர்களை அதில் முழுக்க அமிழ்த்திவிடுங்கள். வெறும் ஐஸ் துண்டுகள் அங்கங்கேதான் தொடும், நடுவில் காற்று இருக்கும். ஐஸ் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொள்ளும், அதனால் குளிர் வேகமாக ஏறும். ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு. அண்டாவில் ஐஸ் தீர்ந்துபோனால் மேலே கொஞ்சம் போடுங்கள். கிளம்பும்போது எடுத்துத் துடைத்து, புது ஐஸ் போட்ட பெட்டியில் அடுக்குங்கள்.

துண்டு போடுவதா, முழு மீனாகவே கொண்டுபோவதா என்று சிலர் வாதம் செய்வார்கள். முழு மீனில் கத்தி படாததால் கிருமி உள்ளே ஏறுவது குறைவு, அது சரிதான். ஆனால் பருமன் இரட்டித்தால் நடுச்சதை குளிர ஆகும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 4 கிலோ சீலாவின் நடுப்பகுதி ஐஸில் கிடந்தாலும் பல மணி நேரத்துக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும். நாள்கணக்கில் ஐஸில் வைக்கப்போகிற மீன் என்றால் முழுசாக வைப்பேன். ஒரு ராத்திரிப் பயணத்துக்குத் துண்டுதான். இறாலுக்குத் தலையை எடுத்துவிடுங்கள். தலையில் இருக்கும் நொதிகள்தான் முதலில் கரும்புள்ளியைக் கொண்டுவரும். கரும்புள்ளி விஷமில்லை, ஆனால் இறால் பழசாகிறது என்பதற்கு அடையாளம்.

பெட்டியில் அடுக்கும்போது அடியில் ஒரு வரிசை ஐஸ், பிறகு மீன், இடுக்குகளில் ஐஸ், எல்லாவற்றுக்கும் மேலே கனமாக ஐஸ். குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும். அடியில் மட்டும் ஐஸ் வைத்தால் மேல்வரிசை மீனுக்கு அது போய்ச் சேராது. போன தடவை உங்கள் மீனில் மேல்வரிசைதான் அதிகம் கெட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் நெகிழ்ந்ததற்கு அது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நீங்கள் வாங்கும்போதே மீன் எத்தனை நாள் பழசு என்பது தெரியாது. பல நாள் கடலில் தங்கி வந்த விசைப்படகின் மீனாக இருந்திருந்தால் அதன் ஆயுளில் ஒரு பங்கு முன்பே போயிருக்கும். ‘ஐஸ் படாத மீன்’ என்று கூவி விற்பதும் ஒரு உத்தரவாதமில்லை. விடியற்காலை நாட்டுப்படகில் பிடித்து, ஏலத்துக்குப் பிறகு வெயிலில் பத்து மணி வரை கிடந்த மீனைவிட, பிடித்த உடனே ஐஸில் போட்ட மீன் எவ்வளவோ தேவலை. இந்த ஒரு விஷயத்தில் நம் சந்தைப் பழக்கம் தலைகீழாக இருக்கிறது.

மீன் கெடும் வேகத்துக்கு எங்கள் துறையில் ஒரு எளிய வாய்ப்பாடு உண்டு. பூஜ்ய டிகிரியில் கெடும் வேகத்தை 1 என்று வைத்தால், 5 டிகிரியில் அது 2¼, 10 டிகிரியில் 4, 20 டிகிரியில் 9. குளிர்ந்த மீனை ஒரு மணி நேரம் 20 டிகிரிக்கு விட்டால் ஐஸில் 9 மணி நேரம் கிடந்ததற்குச் சமம். இது தோராயம்தான், மீனுக்கு மீன் மாறும். ஆனாலும் 5 டிகிரி பரவாயில்லை, 10 டிகிரி சில்லென்றுதானே இருக்கிறது என்று கைவைத்துப் பார்த்து முடிவு செய்வது ஏன் தவறு என்று இதிலிருந்து தெரியும். வெப்பமானி இல்லாவிட்டால் நம்பக்கூடிய அடையாளம் ஒன்றுதான். பெட்டியைத் திறக்கும்போது எல்லா மூலையிலும் ஐஸ் மிச்சம் இருக்க வேண்டும். ஐஸ் தொட்டுக்கொண்டிருக்கும் மீன் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

சீலா விஷயத்தில் இதைக் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சீலா, சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். சூடேறினால் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். உருவான ஹிஸ்டமின் வறுத்தாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. வாடையே இல்லாத மீனிலும் அது இருக்கலாம். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி, படபடப்பு வரும். நம் வீடுகளில் ‘மீன் அலர்ஜி’, ‘சூட்டு உடம்பு’ என்று சொல்லிவிடுவதில் ஒரு பங்கு இதுவாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஐரோப்பாவுக்குப் போகும் சூரை, அயிலை வகைச் சரக்கில் ஒரு தொகுதிக்கு 9 மாதிரி எடுத்து ஹிஸ்டமின் பார்ப்பது இதனால்தான். ஆகவே ஃப்ரீசரில் இருக்கும் அந்தச் சீலாவைக் குப்பையில் போடுங்கள். ஐஸ் தீர்ந்து ராத்திரி முழுக்கச் சூட்டில் இருந்தது என்பது தெரிந்த விஷயம், வாடையும் வந்திருக்கிறது. காசு போகிறதே என்று வறுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. இறாலில் இந்த ஹிஸ்டமின் பிரச்சினை பெரிதாகக் கிடையாது. ஆனால் அதே பெட்டியில் அதே சூட்டில் வந்த இறால் என்பதால் அதையும் நான் சாப்பிட மாட்டேன்.

ஜெல் பேக் பற்றி. உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான், கெட்டியாக்க ஏதோ ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள். எடைக்கு எடை ஐஸைவிட அதிகம் குளிர்ச்சி தராது, சில சமயம் கொஞ்சம் குறைவாகவே தரும். ஒழுகாது என்பதுதான் அதன் ஒரே லாபம். அதையே தண்ணீர் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைத்தால் காசில்லாமல் செய்யலாம். முழுக்க நிரப்பினால் உறையும்போது விரிந்து பாட்டில் வெடிக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுக்கும் ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருப்பதால் கிலோவுக்கு இன்னும் 9 கிலோ கலோரி கூடுதலாகக் கிடைக்கும். கடையில் ஈரமாக வாங்கும் நொறுக்கிய ஐஸில் ஒரு பங்கு ஏற்கெனவே தண்ணீர். இடுக்குக்கு நொறுக்கிய ஐஸ், மேலேயும் ஓரத்திலும் பாட்டில், இப்படிக் கலந்து வைப்பது என் பழக்கம். நொறுக்கிய ஐஸையும் கவரில் போட்டுக் கட்டிவிடுங்கள். ஐஸ் கம்பெனியில் மீனுக்கென்று விற்கும் ஐஸ் குடிக்கும் தண்ணீரில் செய்தது என்று நம்ப முடியாது, அது மீனில் நேரடியாகப் படாமல் இருப்பதே நல்லது. மீன் தண்ணீர் ஒழுகினால் நடத்துநர் பாதி வழியில் என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியும்.

ஐஸில் உப்புப் போட்டால் நெடுநேரம் நிற்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் வந்த யோசனையோ என்னவோ. உப்புச் சேர்த்தால் குளிர் ஆழமாகும், அளவு சரியாக இருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரைகூட இறங்கும். குல்பி உறைய வைக்க அது சரி. ஆனால் ஐஸ் சீக்கிரம் கரையும், வெளிச்சூட்டுக்கும் உள்குளிருக்கும் இடைவெளி கூடுவதால் சேதமும் கூடும். உங்களுக்கு அது வேண்டாம்.

உலர் ஐஸ் திட நிலையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு, பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரி. 1 கிலோ ஆவியானால் 500 லிட்டருக்கு மேல் வாயு வரும். டேப் ஒட்டி இறுக்கிய பெட்டியில் அதை வைத்தால் பெட்டி பிளக்கும். மூடிய ஏசி பேருந்திலோ காரிலோ வைத்தால் மூச்சுக்கு ஆபத்து. வெறும் கையால் தொட்டால் தோல் வெந்துபோகும். விமானத்தில் ஒருவருக்கு 2.5 கிலோ வரை, அதுவும் விமான நிறுவனத்தின் அனுமதியோடு, வாயு வெளியேறும் பெட்டியில் மட்டும் என்பது விதி. உறைந்த சரக்கை உறைந்தபடியே கொண்டுபோக வேண்டியவர்களுக்கு அது அவசியம். 15 மணி நேரம் பச்சை மீன் கொண்டுபோக அது தேவையே இல்லை.

நேரம் இருந்தால் இன்னொரு வழி உண்டு, ஊருக்கு வந்த முதல் நாளே மீன் வாங்கி ஃப்ரீசரில் கல்லாக்கிவிடுவது. உறைந்த மீனே ஐஸ் மாதிரி வேலை செய்யும். மீனில் முக்கால் பங்கு தண்ணீர், ஆகவே 5 கிலோ உறைந்த மீன் ஏறக்குறைய 3¾ கிலோ ஐஸுக்குச் சமம். கூட இரண்டு பாட்டில் ஐஸ் வைத்துப் பெட்டியை இறுக்கினால் பெங்களூருவில் இறங்கும்போதும் நடுப்பகுதி கல்லாகவே இருக்கும். குறை என்னவென்றால், வீட்டு ஃப்ரீசர் மெதுவாக உறைய வைப்பதால் சதைக்குள் பெரிய ஐஸ் படிகங்கள் உருவாகி, உருகும்போது சாறு வடிந்து சதை கொஞ்சம் சக்கையாகும். வறுவலுக்குத் தெரியாது, குழம்பில் தெரியும். ஒரே சமயத்தில் 5 கிலோவை ஃப்ரீசரில் திணித்தால் உறைய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம் என்பதால் கவர்களைத் தட்டையாக, இடைவெளி விட்டு வையுங்கள்.

பேருந்தில் பெட்டியை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். ஏசி பேருந்தின் உள்ளே 23 டிகிரி, டிக்கியில் 35 டிகிரி என்று வைத்துக்கொண்டால், உள்ளே வைத்த பெட்டியில் ஐஸ் மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே உருகும். பின்பக்கம் எஞ்சின் உள்ள பேருந்துகளில் டிக்கியின் கடைசி அறை இன்னும் சூடு. உள்ளே விடமாட்டேன் என்றால், எஞ்சினை விட்டுத் தள்ளியிருக்கும் அறையைக் கேட்டு வாங்கி, பெட்டியைப் பழைய போர்வையால் சுற்றிவிடுங்கள். உங்கள் பேருந்தின் டிக்கி எவ்வளவு சூடேறுகிறது என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. ஒரு தடவை சாதாரண வெப்பமானியை வெளிப்புறம் ஒட்டி அனுப்பிப் பாருங்கள். அதுவரை, முன்பே குளிர்வித்த 5 கிலோ மீனுக்கு, ஒரு அங்குலப் பெட்டியில் 5 கிலோ ஐஸ், இரண்டு அங்குலப் பெட்டியில் 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன், பேருந்து தாமதமானாலும் சமாளிக்கும். அந்தப் பெட்டியில் இவ்வளவும் அடங்கும். மீதி இடத்தில் கசக்கிய செய்தித்தாளை அடையுங்கள், காற்று சுற்றுவது நிற்கும். வழியில் எத்தனை ஆசை வந்தாலும் திறந்து பார்க்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் திறந்து ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கு வேண்டியதைத் தவிர மற்றதை நேராக ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். உறைந்து வந்த மீனாக இருந்து, அழுத்தினால் உள்ளே ஐஸ் படிகம் நெறுநெறுவென்று இருந்தால் மறுபடி உறைய வைப்பதில் ஆபத்தில்லை, ருசி கொஞ்சம் குறையும். ஐஸ் எல்லாம் உருகி, தண்ணீர் மட்டும் சில்லென்று இருந்தால் வெப்பமானியை மீன் துண்டுகளுக்கு நடுவில் செருகிப் பாருங்கள். 5 டிகிரிக்குள் என்றால் அன்றே சமைத்துவிடலாம், வைத்திருக்கக் கூடாது. அதற்கு மேலே போயிருந்தால், எத்தனை மணி நேரம் அப்படி இருந்தது என்று தெரியாதபோது, சீலாவை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.